ஊர் போலீசுக்கு ரத்தப்போக்கை நிறுத்தும் பயிற்சியும் ஆக்டிவ் ஷூட்டர் பயிற்சியும்: அமெரிக்காவில் ஏற்பாடு செய்யப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் மருத்துவமனையிலோ ஆம்புலன்ஸ் சேவையிலோ நகராட்சியிலோ வேலை பார்க்கும் நம் ஆட்கள் நிறைய. ஒருநாள் ஊர் போலீஸ் சீஃப் கூப்பிட்டு, "எங்கள் ஆட்களுக்கு ரத்தம் நிறுத்தக் கற்றுக்கொடுக்க முடியுமா? ஆக்டிவ் ஷூட்டர் பயிற்சியையும் சேர்த்துப் போட்டுவிடலாம்" என்பார். ஆக்டிவ் ஷூட்டர் என்றால், ஆட்கள் கூடும் இடத்தில் புகுந்து சுட்டுக்கொண்டே போகிறவன். சரி என்று சொல்வது சுலபம். எந்தக் கடிதம் யாரிடம் வாங்குவது, எந்த வகுப்பு இலவசம், பள்ளிக்கூடக் கட்டடம் எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் அப்புறம்தான் தலையில் விழும். நான் டெக்ஸஸில் ஒரு சிற்றூரில் எமர்ஜென்சி நர்ஸ். முப்பது பேர் சொச்சம் உள்ள ஒரு போலீஸ் துறைக்கு இதை ஏற்பாடு செய்ய அலைந்ததில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வேறு மாநிலங்களில் அலுவலகப் பெயர்கள் மாறும், வரிசை பெரும்பாலும் இதேதான்.

தொடங்கும் முன் ஒன்று. மருத்துவப் பயிற்சியை ஒரு மாதம், துப்பாக்கிச்சூட்டுப் பயிற்சியை இன்னொரு மாதம் என்று பிரித்துப் போடாதீர்கள். துப்பாக்கிச்சூட்டுப் பயிற்சி, அடிபட்டுக் கிடப்பவரைத் தாண்டி ஓடச் சொல்கிறது. மருத்துவப் பயிற்சி, அவர் பக்கத்தில் மண்டியிடச் சொல்கிறது. ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு எப்போது மாறுவது என்பதுதான் உண்மையான சம்பவத்தில் ஆளைத் திணறடிக்கும். இரண்டையும் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து வைத்து, கடைசியில் கலந்து ஓட்டினால்தான் அது பழகும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கடைசி நாளை நோக்கித்தான்.

1. மூன்று கையெழுத்துகள்

முதல் கையெழுத்து சீஃபுடையது. வாயால் சரி சொல்லியிருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு பக்கம் போதும்: யார் யாருக்குப் பயிற்சி, எத்தனை மணி நேரம், அது பணி நேரமா ஓவர்டைமா, பயிற்சி முடிந்தபின் அவர்கள் ரோந்தில் என்னென்ன சிகிச்சை செய்யலாம். இந்தக் கடைசி வரியை வைத்துத்தான் நகராட்சி வக்கீலும் காப்பீட்டுக்காரரும் பேசுவார்கள்.

இரண்டாவது கையெழுத்து மெடிக்கல் டைரக்டருடையது. பாராமெடிக்குகள், அதாவது ஆம்புலன்ஸில் வந்து சிகிச்சை தருகிறவர்கள், ஒரு டாக்டரின் பொறுப்பில்தான் வேலை பார்க்கிறார்கள். உங்கள் ஊர் ஆம்புலன்ஸ் சேவைக்கும் அப்படி ஒருவர் இருப்பார். டூர்னிக்கே (கை காலைச் சுற்றி மாட்டி, குச்சியால் முறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை) கட்டுவதும் காயத்துக்குள் காஸ் (மெல்லிய கட்டுத்துணி) திணிப்பதும் பொதுமக்களுக்கே கற்றுக்கொடுக்கும் விஷயங்கள். மூக்கு வழியே சுவாசக் குழாய் விடுவது, ஊசி குத்தி மார்பில் அடைபட்ட காற்றை வெளியேற்றுவது போன்றவற்றைச் சேர்க்க நினைத்தால், டாக்டர் கையெழுத்திட்ட நெறிமுறை இல்லாமல் பக்கத்தில்கூடப் போகாதீர்கள். ஊசியே வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்தவர் கையில் அதைக் கொடுத்தால் வரும் நன்மையைவிட வம்புதான் அதிகம்.

மூன்றாவது, தீயணைப்புத் துறைத் தலைவர். இவரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். காயம்பட்டவர்களை வெளியே எடுத்துவரப் போவது அவருடைய ஆட்கள். போலீஸ் பாதுகாப்புடன் அவர்கள் உள்ளே வருவார்களா, யாருடைய உத்தரவில், எந்த ரேடியோ சேனலில், குண்டு துளைக்காத உடுப்பு யார் செலவு என்பதெல்லாம் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் வர வேண்டும். இரண்டு துறையின் வக்கீல்களும் படித்துத் திருப்பி அனுப்பவே சில மாதம் பிடிக்கும்.

2. எந்த வகுப்பு, எத்தனை மணி நேரம்

கடைவீதியில் சரக்கு நிறைய. உங்களுக்குத் தேவையானவை நாலைந்துதான்.

ஸ்டாப் த பிளீட்: 2015இல் வெள்ளை மாளிகை தொடங்கிவைத்த இயக்கம். இப்போது பாடத்தை நடத்துவது அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் கல்லூரி. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். டாக்டர், நர்ஸ், இ.எம்.டி. (ஆம்புலன்ஸ் பணியாளர்) யாராக இருந்தாலும் வகுப்பை முடித்துவிட்டுப் பயிற்றுநராகப் பதிவு செய்துகொள்ளலாம், பாடப் பொருட்கள் கிடைக்கும். போலீசாருக்கு இது போதாது. ஆனால் அவர்களுக்கு ருசி காட்டவும், நகராட்சி உறுப்பினர்களை உட்காரவைத்து ஒரு டூர்னிக்கே கட்டவைக்கவும் இதைவிட நல்ல வழி இல்லை. பட்ஜெட்டுக்குக் கை தூக்கப் போவது அவர்கள்தானே.

டி.இ.சி.சி.: போர்க்கள மருத்துவத்தை ஊருக்குள் நடக்கும் சம்பவங்களுக்கு ஏற்ப மாற்றியமைத்த முறை. தேசிய அவசர மருத்துவப் பணியாளர் சங்கமான என்.ஏ.இ.எம்.டி. இதைப் போலீசாருக்கென்று எட்டு மணி நேர வகுப்பாக நடத்துகிறது. உங்கள் மருத்துவ நாள் இதுவாகவே இருக்கட்டும். பதினாறு மணி நேர வகுப்பும் உண்டு, அது பாராமெடிக்குகளுக்கானது. அதில் போலீசாரை உட்காரவைத்தால் மதியத்துக்கு மேல் தூங்கிவிடுவார்கள்.

அலெர்ட்: சான் மார்கோஸில் டெக்ஸஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஆக்டிவ் ஷூட்டர் பயிற்சி மையம், 2002இல் தொடங்கியது. 2013இல் எஃப்.பி.ஐ. இவர்களுடைய பாடத்தைத்தான் நாடு முழுமைக்கும் தரமாக எடுத்துக்கொண்டது. அடிப்படை வகுப்பு பதினாறு மணி நேரம், இரண்டு நாள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூவரையும் சேர்த்து நடத்தும் வகுப்பும் இருக்கிறது. தீயணைப்புத் தலைவர் ஒத்துழைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேளுங்கள்.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மையமும் கூட்டாட்சி அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமாவின் பணத்தில் இதுபோன்ற வகுப்பை ஊருக்கே வந்து நடத்துகிறது. அலெர்ட்டில் தேதி கிடைக்காவிட்டால் அங்கே கேட்டுப் பாருங்கள். இது தவிர, ஆக்டிவ் ஷூட்டர் பற்றி ஃபீமா நடத்தும் ஐ.எஸ்.-907 என்ற இலவச இணைய வகுப்பை எல்லோரையும் முன்கூட்டியே முடித்துவரச் சொல்லுங்கள். அதற்கு ஒவ்வொருவருக்கும் ஃபீமா மாணவர் எண் வேண்டும். அந்த எண் லூசியானா வகுப்புக்கும் கேட்பார்கள் என்பதால் ஒரே வேலையாக முடிந்துவிடும்.

பொறி எங்கே என்றால், அட்டகாசமான பெயரோடு, ராணுவப் படங்களோடு வரும் தனியார் நிறுவனங்கள். நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: உங்கள் வகுப்புக்கு எங்கள் மாநிலப் போலீஸ் தர நிர்ணய ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, பாட எண் என்ன? டெக்ஸஸில் அந்த ஆணையத்தின் பெயர் டிகோல். எண் இல்லையென்றால், போலீசார் உட்கார்ந்த மணி நேரம் அவர்களுடைய கட்டாயப் பயிற்சிக் கணக்கில் ஏறாது. அப்படி ஏறாவிட்டால் அடுத்த முறை கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

3. பணம்: சாமானுக்கு இல்லை, சம்பளத்துக்கு

அலெர்ட், லூசியானா இரண்டுமே மானியத்தில் நடப்பவை. ஊர்த் துறையிடம் பொதுவாக வகுப்புக் கட்டணம் வாங்குவதில்லை. என்.ஏ.இ.எம்.டி. வகுப்புக்குப் பயிற்றுநரைப் பொறுத்துத் தலைக்கு ஒரு தொகை வரும். ஊரிலேயே பயிற்றுநர் இருந்தால் பேசிக் குறைக்கலாம்.

உண்மையான செலவு, பயிற்சிக்கு வந்தவர் இடத்தில் ரோந்துக்கு யார் போவது என்பதில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது பேர், தலைக்கு இருபத்து நான்கு மணி நேரம். ஓவர்டைம் மணிக்கு 50 டாலர் என்று வைத்துக்கொண்டால் 36,000 டாலர். சின்ன ஊர் சீஃப் இந்த எண்ணைப் பார்த்தவுடன் நாற்காலியில் சாய்ந்துவிடுவார். இதைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, ஒரே வகுப்பை இரண்டு தடவை நடத்தி, ஒவ்வொரு ஷிஃப்டிலும் பாதிப் பேரைப் பணி நேரத்திலேயே உட்காரவைப்பது. இன்னொன்று, கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்தில் போலீசாருக்கென்று இருக்கும் 28 நாள் சுழற்சி. உங்கள் துறை அந்த முறையில் இருந்தால், 28 நாளில் 171 மணி நேரத்தைத் தாண்டினால்தான் சட்டப்படி ஓவர்டைம். பயிற்சி நாட்களைச் சுழற்சிக்குள் சாமர்த்தியமாக வைத்தால் கணிசமாக மிச்சமாகும். சங்க ஒப்பந்தம் வேறு மாதிரி சொன்னால் அதுதான் செல்லும், முதலில் அதைப் படியுங்கள்.

மானியத்துக்கு மனுப் போடுவதென்றால் நகராட்சி கூட்டாட்சி அரசின் சாம் டாட் கவ் (SAM.gov) தளத்தில் பதிவாகி இருக்க வேண்டும். பதிவு இலவசம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காலாவதியாகியிருந்தால் மறுபடி உயிர்ப்பிக்க வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே மனு எழுதுவதற்கு முன்னால் நகராட்சிக் கணக்கரிடம் போய்ப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். "உங்கள் பதிவு முடியப் போகிறது, நாங்கள் புதுப்பித்துத் தருகிறோம்" என்று அரசாங்கக் கடிதம் மாதிரியே அச்சடித்துப் பணம் கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள். மனுவில் நகராட்சியை அடையாளம் காட்ட, 2022 ஏப்ரலிலிருந்து பழைய டன்ஸ் எண் செல்லாது, யு.இ.ஐ. எண்தான். பழைய மனுவை நகலெடுத்து எழுதுகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு பொறி: மானிய உத்தரவு கைக்கு வரும் முன் சாமான் வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலான மானியங்கள் நீங்கள் செலவழித்த பிறகு திருப்பித் தருபவை. உத்தரவுத் தேதிக்கு முந்தைய ரசீதுக்குப் பணம் வராது.

நகர சபை ஏன் இதெல்லாம் என்று கேட்கும். எஃப்.பி.ஐ. 2014இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுங்கள். 2000 முதல் 2013 வரை நடந்த 160 ஆக்டிவ் ஷூட்டர் சம்பவங்களில், எவ்வளவு நேரம் நீடித்தது என்று தெரிந்தவை 63. அதில் 44 சம்பவங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. அதாவது சிறப்புப் படை வரும்வரை யாரும் காத்திருக்க முடியாது, பக்கத்துத் தெருவில் ரோந்து போகும் ஆள்தான் முதலில் உள்ளே போவார். ஆளுக்கொரு சிகிச்சைப் பை வாங்கும் செலவு ஏன் என்று கேட்டால் அரிசோனாவின் டூசானைச் சொல்லுங்கள். 2011 ஜனவரி 8 அன்று காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் சுடப்பட்ட இடத்துக்கு முதலில் வந்த பீமா கவுண்டி ஷெரிஃப் ஆட்களிடம் நூறு டாலர் பெறுமானமுள்ள சிகிச்சைப் பை இருந்தது, அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் இருந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் உள்ளே வர அனுமதி கிடைக்கும் முன்பே அவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

4. பை

ஒரு ஆளுக்கு ஒரு பை. உள்ளே டூர்னிக்கே ஒன்று, முடிந்தால் இரண்டு. ரத்தம் உறையவைக்கும் மருந்து தோய்த்த காஸ் ஒன்று, அழுத்துக் கட்டு ஒன்று, செஸ்ட் சீல் (மார்புக் காயத்தின் மேல் ஒட்டி மூடுவது) ஒரு ஜோடி, கையுறை, துணி வெட்டும் கத்தரிக்கோல், மார்க்கர் பேனா. மொத்தம் 100 முதல் 150 டாலருக்குள் அடங்கும். டூர்னிக்கே ஏறக்குறைய 30 டாலர், மருந்து காஸ் 40 டாலருக்கு மேல். விலை அதிகம் இந்த இரண்டும்தான்.

போலி டூர்னிக்கே பற்றி எத்தனை தடவை சொன்னாலும் தகும். இணையக் கடைகளில் பத்து டாலருக்கு அச்சு அசலாக கேட் (CAT) என்ற மாடல் டூர்னிக்கே மாதிரியே ஒன்று கிடைக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முறுக்கும்போது குச்சி வளையும், அல்லது உடையும். நகராட்சிக் கொள்முதல் பிரிவு விலை குறைந்ததைத்தான் எடுக்கும் என்பதால், கொள்முதல் படிவத்தில் தயாரிப்பாளர் பெயர், மாடல், "தயாரிப்பாளரிடமோ அவருடைய அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ மட்டும்" என்று எழுதுங்கள். "அல்லது அதற்கு இணையானது" என்ற வழக்கமான வரியை அடித்துவிடுங்கள்.

பயிற்சிக்குத் தனி டூர்னிக்கே வாங்குங்கள். நீல நிறத்தில் வருகிறது. பணிக்கு வைத்திருப்பதை வைத்துப் பழகினால் துணியும் ஒட்டுப் பட்டையும் தளர்ந்துபோகும். பணிக்கானதை பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரித்து, ஒரு கையால் மாட்டும்படி மடித்து இடுப்புப் பட்டையிலோ உடுப்பிலோ வைக்கச் சொல்லுங்கள். ரத்தம் ஒட்டிய கையுறையோடு அந்த உறையைக் கிழித்துப் பார்த்தவர்கள் இதைக் கேள்வி கேட்கமாட்டார்கள். கார் டிக்கியில் கிடக்கும் பையால் பயனில்லை. சுடும் சத்தத்துக்கு ஓடுகிறவர் டிக்கியைத் திறந்துகொண்டிருக்கமாட்டார்.

5. கட்டடமும் ஆயுதச் சோதனையும்

பள்ளிக்கூடம்தான் தோதான இடம், நீளமான தாழ்வாரம், வரிசையாகக் கதவுகள். ஆனால் கோடை விடுமுறை, மார்ச் விடுமுறை, நன்றி நவிலல் வாரம் தவிரக் கிடைக்காது. பள்ளி மாவட்டம் கேட்கும் காகிதங்கள்: கட்டடப் பயன்பாட்டு ஒப்பந்தம், நகராட்சியின் காப்பீட்டுச் சான்றிதழ் (பள்ளி மாவட்டத்தின் பெயரையும் அதில் சேர்த்திருக்க வேண்டும்), பாதுகாப்புத் திட்டம். காப்பீட்டுச் சான்றிதழ் எங்களிடம் கேட்கப்பட்டது கடைசி வாரத்தில். நீங்கள் முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடிபட்டவர்களாக நடிக்க ஆட்கள் வேண்டும். கல்லூரி நாடகக் குழு, நர்சிங் மாணவர்கள் நன்றாகச் செய்வார்கள். எல்லோரும் பதினெட்டு வயதுக்கு மேல், எல்லோரிடமும் பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையெழுத்து. சின்னப் பிள்ளைகள் வேண்டவே வேண்டாம். அறிவிக்காமல் திடீரென்று நடத்துவதும் வேண்டாம். 911 மையத்துக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டு, வாசலில் பெரிய பலகை வையுங்கள். வெற்று வெடிச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும்.

இனி, மெதுவாகப் படிக்க வேண்டிய பகுதி. 2016 ஆகஸ்டில் ஃபுளோரிடாவின் புன்டா கோர்டாவில் போலீசார் பொதுமக்களுக்கு நடத்திக் காட்டிய ஒரு நடிப்புப் பயிற்சியில், வெற்றுத் தோட்டா இருப்பதாக நினைத்த ரிவால்வரில் உண்மைத் தோட்டா இருந்தது. ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் எல்லோர் கண் முன்னாலும் செத்துப்போனார். இது நடக்காமல் இருக்க வழி ஒன்றுதான், சலிப்பூட்டும் வழி. கட்டடத்துக்குள் நுழைய ஒரே ஒரு கதவு. மற்றதெல்லாம் பூட்டி நாடா ஒட்டியது. அந்தக் கதவில் ஒரு பாதுகாப்பு அதிகாரி, அவருக்கு அன்று வேறு வேலை கிடையாது. உள்ளே போகும் ஒவ்வொருவரையும் தடவிச் சோதிக்க வேண்டும்: தன்னைத் தானே ஒரு முறை, கூட்டாளி ஒரு முறை, அதிகாரி ஒரு முறை. துப்பாக்கி, கூடுதல் தோட்டாப் பெட்டி, காலுறைக்குள் வைத்திருக்கும் சின்னத் துப்பாக்கி, கத்தி, மிளகுத் தெளிப்பான் எல்லாம் வெளியே. சோதித்தவருக்கு அன்றைய நிறத்தில் கையில் நாடா. சீஃப் வந்தாலும் மேயர் வந்தாலும் இதேதான்.

வினை வரும் நேரம் மதியச் சாப்பாடு. எல்லோரும் வெளியே போவார்கள், ஒருவர் ஸ்டேஷன் வரை போய்வருவார், இடுப்பில் துப்பாக்கி திரும்ப ஏறியிருக்கும், கையில் காலை நாடா அப்படியே இருக்கும். ஆகவே சாப்பாட்டுக்குப் பின் புது நிற நாடா, முழுச் சோதனை மறுபடி. முடிந்தால் சாப்பாட்டை உள்ளேயே வரவழைத்துவிடுங்கள்.

6. மருத்துவ நாள்

படம் போட்டுப் பேசுவதைக் காலை இடைவேளைக்குள் முடித்துவிடுங்கள். மீதி எல்லாம் கைவேலை.

வரிசை இது: முதலில் பெரிய ரத்தப்போக்கு, பிறகு சுவாசப் பாதை, அப்புறம் மூச்சு, ரத்த ஓட்டம், கடைசியில் உடல் குளிர்ந்துபோகாமல் காப்பது. பொதுவான முதலுதவி வகுப்பு எடுத்தவர்கள் மூச்சைத்தான் முதலில் பார்ப்பார்கள். தொடையின் பெரிய தமனி அறுந்தவருக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. அதனால்தான் இங்கே ரத்தம் முதலில்.

டூர்னிக்கேயில் எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. பட்டையை மாட்டியவுடன் குச்சியை முறுக்கத் தொடங்கிவிடுவார்கள். பட்டை தொளதொளவென்று இருந்தால் எத்தனை சுற்று முறுக்கினாலும் ரத்தம் நிற்காது. முதலில் பட்டையை, மூன்று விரல் நுனி உள்ளே நுழையாத அளவுக்கு, முழுப் பலத்தோடு இழுத்து ஒட்ட வேண்டும். அப்புறம்தான் குச்சி. ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, கொக்கியில் மாட்டி, நேரத்தை எழுத வேண்டும். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மேல் படாமல். காயம் எங்கே என்று துணிக்கு மேல் தெரியவில்லையென்றால் கை கால் தொடங்கும் இடத்தில், எவ்வளவு உயரத்தில் முடியுமோ அங்கே. கட்டப்பட்டவர் வலியில் கத்துவார், தளர்த்தச் சொல்லிக் கெஞ்சுவார். தளர்த்தக் கூடாது. காலே போய்விடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் பொதுவாக அந்த ஆபத்து இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

எல்லோரும் மேஜையில் உட்கார்ந்து நன்றாகக் கட்டுவார்கள். அதன்பிறகு விளக்கை அணையுங்கள். கையுறையில் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். துப்பாக்கி பிடிக்கும் கை அடிபட்டது, மற்றக் கையால் உனக்கு நீயே கட்டிக்கொள் என்று சொல்லுங்கள். ரோந்துக் காரின் ஓட்டுநர் இருக்கையில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்து, தொடையில் கட்டச் சொல்லுங்கள். காலையில் சுலபமாகக் கட்டியவர்களுக்கு அங்கே பெருமூச்சு வாங்கும்.

இடுப்பு மடிப்பு, அக்குள், கழுத்தடி: இங்கே டூர்னிக்கே நிற்காது. காஸைக் காயத்துக்குள் ஆழமாக, ரத்தம் வரும் இடத்தை விரலால் தேடித் திணித்து, மேலே மூன்று நிமிடமாவது உடல் எடையைப் போட்டு அழுத்த வேண்டும். பழகுவதற்குப் பன்றித் தோள்பட்டைக் கறியில் ஓட்டை போட்டு, ரப்பர் குழாய் வழியாகச் சிவப்புத் தண்ணீர் விடுவார்கள். மத காரணத்தால் தொட விரும்பாதவர் இருப்பார்கள், முன்கூட்டியே கேட்டு அவர்களுக்கு ஃபோம் துண்டு வையுங்கள். மூன்று நிமிடத்தைக் கடிகாரம் வைத்துச் செய்யுங்கள். நாற்பது விநாடியிலேயே எட்டிப் பார்க்கக் கை எடுப்பார்கள்.

மார்பு, முதுகுக் காயங்களுக்கு ஒட்டும் சீல். குண்டு நுழைந்த இடத்தோடு வெளியேறிய இடத்தையும் தேட வேண்டும் என்பதால்தான் ஜோடியாக வருகிறது. ஒட்டியபின் மூச்சுத் திணறல் அதிகமானால் சீலின் ஓரத்தைத் தூக்கிக் காற்றை விட வேண்டும். கடைசியில் போர்வை. டெக்ஸஸ் வெயிலில் போர்வையா என்று சிரிப்பார்கள். ரத்தம் இழந்தவரின் உடல் குளிரும், குளிர்ந்த ரத்தம் உறையாது.

7. துப்பாக்கிச்சூட்டு நாட்களும், கலந்து ஓட்டும் நாளும்

நுழைவது, தாழ்வாரத்தில் நகர்வது, அறையைச் சோதிப்பது எல்லாம் அலெர்ட் பயிற்றுநர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் அதில் தலையிட வேண்டியதில்லை. உங்கள் வேலை, கடைசி அரை நாளில் காட்சிகளைச் சரியாக அமைப்பது.

அடிப்படைச் சட்டம் மூன்று வரிதான்: முதலில் கொலையை நிறுத்து, பிறகு சாவை நிறுத்து, பிறகு வெளியே எடு. 1999இல் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் போலீசார் சுற்றி வளைத்துச் சிறப்புப் படைக்குக் காத்திருந்தார்கள். உள்ளே ஓர் ஆசிரியர் மணிக்கணக்கில் ரத்தம் சிந்தி இறந்தார். அதற்குப் பிறகுதான் முதலில் வந்தவரே உள்ளே போக வேண்டும் என்று முறை மாறியது. மாறியும் 2022 மே 24 அன்று டெக்ஸஸின் யுவால்டே பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் 77 நிமிடம் கழித்துத்தான் வகுப்பறைக்குள் போனார்கள். வந்து குவிந்தவர்கள் முன்னூற்று எழுபதுக்கும் மேல். சுடுகிறவன் உள்ளே அடைந்துகிடக்கிறான், பேசிப் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அறைக்குள் அடிபட்டவர்கள் இருந்தால் துப்பாக்கிச் சத்தம் நின்றாலும் நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் போலீசாருக்கு மருத்துவ நாளை முதலில் வைப்பதற்கு இதுதான் காரணம். தொடைத் தமனிக்கு எத்தனை நிமிடம் என்று கையால் உணர்ந்தவருக்கு, மூடிய கதவுக்கு வெளியே நிற்பது என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டாம்.

காட்சிகளை இப்படி அமையுங்கள். முதல் காட்சியில் தாழ்வாரத்தில் நடிகர்கள் கிடப்பார்கள், தூரத்து அறையில் சத்தம் தொடரும். போலீசார் தாண்டிப் போக வேண்டும். நடிகர்களிடம் காலைப் பிடித்துக் கெஞ்சச் சொல்லுங்கள். இருபது வருட அனுபவமுள்ளவர்களும் அங்கே தடுமாறி நிற்பார்கள். அடுத்த காட்சியில் பாதி வழியில் சத்தம் நின்றுவிடும், அலறலும் இல்லை, ஆள் எங்கே என்ற தகவலும் இல்லை. இப்போது வேகத்தைக் குறைத்து, ஓர் அறையைப் பிடித்து, ஒருவர் கதவைக் காக்க மற்றவர் சிகிச்சை தொடங்கலாம். மூன்றாவதில் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது மறுபடி சத்தம். டூர்னிக்கேயைப் பாதியில் விட்டு எழுவதா, ஒருவர் முடிக்க மற்றவர்கள் போவதா? இந்த மூன்றாவது காட்சிக்காகத்தான் இத்தனை பாடும். இதை நேரம் போதவில்லை என்று வெட்டிவிட யாரையும் விடாதீர்கள். ஒவ்வொரு குழுவையும் இரண்டு தடவை ஓடவிடுங்கள்.

அப்புறம் தீயணைப்பு ஆட்கள் உள்ளே வருவது. வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் கவுண்டி முன்னோடியாகச் செய்த முறை: ஆபத்து அடங்கிய, ஆனால் முழுக்கச் சோதிக்காத பகுதிக்குள் பாராமெடிக்குகள் போலீஸ் காவலோடு போய் ஆட்களை எடுப்பார்கள். பயிற்சியில் இதைச் சொதப்புவது பெரும்பாலும் ரேடியோதான். இரண்டு துறைக்கும் பொதுவான சேனலை அன்று காலையிலேயே சோதியுங்கள். கார் நிறுத்துவதையும் பயிற்சியில் சேருங்கள். 2012இல் கொலராடோவின் அரோரா திரையரங்குத் துப்பாக்கிச்சூட்டில், நிறுத்திவைத்த போலீஸ் கார்களாலும் கூட்டத்தாலும் ஆம்புலன்ஸ்கள் நெருங்கச் சிரமப்பட்டன, போலீசாரே பலரைத் தங்கள் கார்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஃபிலடெல்ஃபியாவில் குண்டடி பட்டவரைப் போலீஸ் காரிலேயே கொண்டுபோவது பல வருடப் பழக்கம். உங்கள் ஊரில் அது கூடுமா கூடாதா என்பதை மெடிக்கல் டைரக்டரிடம் முன்பே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

8. எதை எப்போது தொடங்குவது

ஜூன் மாதப் பயிற்சி என்றால் முந்தைய அக்டோபரில் மூன்று கையெழுத்துகளுக்கும் அலைய வேண்டும், அலெர்ட்டுக்கு விண்ணப்பமும் அப்போதே. பயிற்றுநர் தேதிகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். நீங்கள் கட்டடம் கொடுத்தால் பக்கத்து ஊர்ப் போலீசுக்கும் இடம் ஒதுக்க வேண்டிவரும், அதுவும் நல்லதுதான், உண்மையில் ஏதாவது நடந்தால் ஓடிவரப் போகிறவர்கள் அவர்கள். ஜனவரிக்குள் பள்ளியோடு ஒப்பந்தம், பிப்ரவரியில் பை கொள்முதல், ஏப்ரலில் ஷிஃப்ட் அட்டவணை. மே மாதம் பயிற்றுநர்களோடு கட்டடத்தை நடந்து பார்த்துவிடுங்கள்.

பயிற்சி அன்று ஒவ்வொரு நாளுக்கும் தனி வருகைப் பட்டியல். பெயர், கையெழுத்து, ஆணையத்தின் அடையாள எண் மூன்றும் இருக்க வேண்டும், எண் இல்லாத பெயருக்கு மணி நேரம் ஏறாது. பாடத்திட்டம், பயிற்றுநர் தகுதிச் சான்று, மாணவர் மதிப்பீட்டுத் தாள், ஆயுதச் சோதனைப் பட்டியல் நான்கையும் அதே கோப்பில் வைத்துத் துறையின் பயிற்சிப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள். என்.ஏ.இ.எம்.டி. சான்றிதழ் நான்கு வருடம் செல்லும். கைப்பழக்கம் அவ்வளவு நாள் தாங்காது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஷிஃப்ட் தொடங்கும்போது பத்து நிமிடம், நீல டூர்னிக்கே, இடது கை, இருட்டு. அதே நாளில் பைகளையும் திறந்து பாருங்கள். மருந்து காஸ், செஸ்ட் சீல் இரண்டிலும் காலாவதித் தேதி அச்சடித்திருக்கும். டூர்னிக்கேயில் அப்படி இருக்காது, ஆனால் உடுப்பின் வெளியே வெயிலில் காய்ந்து வெளுத்ததை மாற்றிவிடுங்கள். காலாவதியான காஸைத் தூக்கிப் போடாமல் தனிப் பெட்டியில் சேருங்கள், அடுத்த பயிற்சிக்கு உதவும்.